மணலும் சொல்லும் வெள்ளியும்

"ஆராய்ச்சி" என்ற சொல்லைக் கேட்டதும் நம்மிற் பலருடைய மனக்கண்முன் ஒரு காட்சி எழும். ஒட்டடை படிந்த அறை; செல்லரித்த ஏட்டுச்சுவடி; மூக்குக் கண்ணாடி; வளைந்த முதுகு; வெளியுலகின் ஓசை எட்டாத காது! அங்கே ஒருவர் அமர்ந்து, ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர் எவரோ எழுதிய எழுத்து இன்ன எழுத்தென்று வாதிட்டுக்கொண்டிருப்பார். இதனால் வயலில் உழுபவனுக்கு என்ன பயன், ஆலையில் உழைப்பவனுக்கு என்ன பயன், என்று கேட்டுவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

கேட்டது தவறன்று. விடை தேடாமற் போனதுதான் தவறு.

மொழியையும் வரலாற்றையும் ஆய்வது ஒரு துறை. பணத்தின் போக்கை ஆய்வது மற்றொரு துறை. பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் கருவியையும் முறையையும் ஆய்வது வேறொரு துறை. பல்கலைக்கழகங்களில் இம்மூன்றுக்கும் மூன்று கட்டடங்கள். ஒரு கட்டடத்தார் மற்றொரு கட்டடத்தின் வாயிலை மிதிப்பது அரிது. சொல்லாய்வாளர் கணக்கைக் கண்டு அஞ்சுவார். கணக்காய்வாளர் கவிதையைக் கண்டு நகைப்பார். ஆயினும் மூன்றையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். "அப்படித்தான்" என்று மேலிருந்து சொல்லப்பட்டதை, "அப்படித்தானா?" என்று கீழிருந்து திருப்பிக் கேட்கும் துணிவே மூன்றுக்கும் தாய்.

அந்தத் துணிவு யாருக்கு அனுமதிக்கப்பட்டது? யாருக்கு மறுக்கப்பட்டது? விளைந்த பயனை யார் துய்த்தனர்? இவற்றைக் காண மூன்று வரலாறுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று மணலைப் பற்றியது. ஒன்று சொல்லைப் பற்றியது. ஒன்று வெள்ளியைப் பற்றியது. மூன்றுக்கும் நம் சென்னையோடு தொடர்பு உண்டு என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

எழும்பூர் மணல்

ஸ்காத்லாந்து நாட்டில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753-ல் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், 1787-ல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். 1789-ல், எழும்பூரில் படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கென அமைந்திருந்த அநாதை விடுதியின் மேற்பார்வைப் பொறுப்பைச் சம்பளம் வேண்டாவென்று கூறி ஏற்றார். வெள்ளைச் சிப்பாய்க்கும் இந்நாட்டுப் பெண்ணுக்கும் பிறந்து, தந்தையின் துணையை இழந்த பிள்ளைகள் பலர் அங்கே இருந்தனர். ஆசிரியர்களோ சலிப்பின் உருவங்கள். நெடுங்கணக்கைக் கற்பிக்கவே மாதக்கணக்காயிற்று.

ஒருநாள் பெல் குதிரைமீது செல்லும்போது உள்ளூர்ப் பள்ளி ஒன்றைக் கண்டார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்துக்களை எழுதிக்கொண்டிருந்தனர். அவருக்கு அது வியப்பு! நமக்கு அதில் வியப்பில்லை. நம் பாட்டனும் பூட்டனும் கண்ட திண்ணைப் பள்ளிக்கூடம் அதுதான். வாயால் உரக்கச் சொல்லி, விரலால் மணலில் எழுதி, உள்ளங்கையால் அழித்து, மீண்டும் எழுதுவது. காகிதம் வேண்டா, மை வேண்டா, எழுதுகோல் வேண்டா. முன்னரே கற்றுத் தேறிய மாணவன் சட்டாம்பிள்ளையாக நின்று இளையோருக்குப் பாடம் சொல்வான். ஆசான் அனைவரையும் மேற்பார்ப்பார்.

பெல் விடுதிக்குத் திரும்பி, இம்மணல் முறையைக் கைக்கொள்ளுமாறு ஆசிரியர்களுக்குக் கூறினார். அவர்கள் ஒப்பவில்லை. காலங்காலமாக நடந்துவரும் முறையை மாற்றுவதா என்பது அவர்கள் எண்ணம். பழக்கத்துக்கு அடிமைப்பட்டோர் எந்த நாட்டிலும் ஒருபோலத்தான் பேசுவர்! பெல் வாதிடவில்லை, சோதித்தார். ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவன், சாதாரணச் சிப்பாய் ஒருவனின் மகன், அவனை அழைத்து எழுத்து வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாதென்று கைவிட்டதைச் சிறுவன் முடித்துக் காட்டினான்.

1796-ல் பெல் தாய்நாடு திரும்பினார். 1797-ல் சென்னை விடுதியில் நடந்த கல்விச் சோதனையை விளக்கும் நூலை இலண்டனில் வெளியிட்டார். சில ஆண்டுகளில் அம்முறை "சென்னை முறை" என்னும் பெயரோடு இங்கிலாந்தில் பரவியது. அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பார் இலண்டனில் இதனையொத்த முறையைக் கையாண்டு புகழ்பெற, இருவரில் முதல்வர் யார் என்று இரு கட்சிகள் சண்டையிட்டன. 1811-ல் இங்கிலாந்துத் திருச்சபையினர் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கெனத் தேசியச் சங்கம் அமைத்தபோது பெல்லின் முறையையே ஏற்றனர். 1832-ல் அவர் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். அவர் பிறந்த ஊரில் அவர் கொடையால் எழுந்த பள்ளி இன்றும் "மெட்ராஸ் கல்லூரி" என்றே அழைக்கப்படுகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் 1814 ஜூன் 3-ல் இந்தியாவுக்கு அனுப்பிய ஓலையில் ஓர் ஒப்புதல் இருக்கிறது. இந்நாட்டு ஆசான்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்த கற்பிக்கும் முறையே, பெல்லின் வழியாகத் தங்கள் நாட்டில் ஏற்கப்பட்டிருக்கிறதென்றும், அதுவே அம்முறைக்குக் கிடைத்த உயர்ந்த பாராட்டென்றும் அவர்கள் எழுதினர். ஆளவந்தோர் ஆளப்பட்டோரிடம் பாடம் கற்றதாக ஒப்புக்கொள்வது அரிதினும் அரிது!

இதுவரை கேட்டால் நெஞ்சு நிமிரும். நிமிர்ந்த நெஞ்சோடு இன்னும் இரண்டு செய்திகளையும் கேட்கவேண்டும்.

முதற் செய்தி: அதே பெல், பின்னர் வந்த பதிப்பில், ஏழைப் பிள்ளைகள் அனைவருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பிக்கவேண்டுவதில்லை என்று எழுதினார். உடலுழைப்புக்கென விதிக்கப்பட்டோரின் உள்ளத்தை அளவுமீறி உயர்த்திவிட்டால், அவர்கள் தம் நிலையில் மனநிறைவு கொள்ளமாட்டார்களாம்! ஏழை கற்பதற்கு எளிய கருவியைக் கண்டவர், ஏழை எவ்வளவு கற்கலாம் என்பதற்கு எல்லையும் கட்டினார். மனுவின் குரல் மனுவின் நாட்டில் மட்டுந்தான் ஒலிக்கும் என்று எண்ணவேண்டா.

இரண்டாஞ் செய்தி நம் வீட்டைப் பற்றியது. சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822-ல் மாகாணமெங்கும் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826 மார்ச்சு 10-ல் எழுதிய குறிப்பில் முடிவைத் தந்தார். பள்ளிகள் 12,498, பயில்வோர் 1,88,650, மக்கள்தொகை 1,28,50,941. அதாவது ஏறத்தாழ 68 பேருக்கு ஒருவர் பள்ளியில் இருந்தார். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் சிறிது காலத்துக்கு முன்னர் இருந்த நிலையை நோக்க இது உயர்ந்தது என்று மன்றோவே கருதினார். ஆனால் அக்கணக்கில் பெண் குழந்தைகள் மிகச் சிலரே. திண்ணையில் மணல் இருந்தது. விரல் எல்லோருக்கும் இருந்தது. திண்ணைமேல் ஏறும் உரிமை எல்லோருக்கும் இருந்ததா? பழம்பெருமை பேசுவோர் பள்ளிகளின் எண்ணிக்கையைச் சொல்லி நிறுத்திவிடுவர். எண்ணில் இடம்பெறாதோரை எண்ணிப் பார்ப்பதே சீர்திருத்தக்காரனின் கணக்கு.

எல்லிஸ் துரையின் சொல்

மணலிலிருந்து சொல்லுக்கு வருவோம்.

1786-ல் கல்கத்தாவில் சர் வில்லியம் ஜோன்ஸ், வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரே மூலத்தினின்று கிளைத்தவையாக இருத்தல் வேண்டும் என்று பேசினார். உலகம் வியந்தது. அந்த வியப்பிலிருந்து ஒரு தவறும் முளைத்தது. இந்திய மொழிகள் அனைத்தும் வடமொழியின் வயிற்றுப் பிள்ளைகளே என்று கல்கத்தா அறிஞர்கள் கருதினர். 1814-ல் வில்லியம் கேரி வெளியிட்ட தெலுங்கு இலக்கணமும் அக்கருத்தையே கொண்டிருந்தது. இங்குள்ள வைதீகர்களுக்கோ அது தேனாக இனித்தது. தேவபாடையின் எச்சிலே மற்ற பாடைகள் என்று அவர்கள் நெடுநாளாய்ச் சொல்லி வந்ததற்கு வெள்ளைக்காரர் வாயாலேயே சான்று கிடைத்துவிட்டதல்லவா?

அதனை "அப்படித்தானா?" என்று கேட்டவர் சென்னையில் கலெக்டராய் இருந்த பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ். 1812-ல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்ற முன்னின்றவர். திருக்குறளில் ஈடுபட்டு அதன் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து விளக்கம் எழுதியவர். 1816-ல் காம்பெல் என்பார் தெலுங்கு இலக்கணம் ஒன்றை வெளியிட்டபோது, அதன் முன்னுரைக்குக் குறிப்பாக எல்லிஸ் ஒரு கட்டுரை எழுதிச் சேர்த்தார். பிறர் நூலில் ஒட்டிக்கொண்ட குறிப்புத்தான். ஆயினும் தென்மொழிகளின் வரலாற்றில் அது ஒரு திருப்பம்.

அவர் மேடையேறி முழங்கவில்லை. மொழிப்பற்றைக் காட்டி வாதாடவில்லை. சான்றுகளை மூன்று படிகளாக அடுக்கினார். முதலில் வேர்ச்சொற்கள்: வடமொழி வேர்களையும் தெலுங்கு வேர்களையும் எதிரெதிரே வைத்து, இவை வேறு, அவை வேறு என்று காட்டினார், பின்னர்த் தமிழ், தெலுங்கு, கன்னட வேர்களை வரிசையாக வைத்து, இவை ஒரு குடும்பம் என்று காட்டினார். அடுத்துச் சொற்கள். அதற்கடுத்து வாக்கிய அமைப்பு. வடசொற்கள் தென்மொழிகளில் மிகுதியாகக் கலந்திருப்பதை அவர் மறைக்கவில்லை. கடன் வாங்கியது வேறு, கருவில் பிறந்தது வேறு என்று பிரித்துக் காட்டினார். நகை இரவல் என்பதால் உடலும் இரவலாகிவிடுமா? தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு, குடகு ஆகியவை உறவுமொழிகள் என்று அவர் நிறுவினார்.

இந்தச் சான்றுகள் எல்லிசுக்கு எங்கிருந்து கிடைத்தன? தெலுங்கு வேர்ச்சொற்களைத் தொகுத்துத் தந்தவர் கல்லூரித் தலைமைப் பண்டிதர் பட்டாபிராம சாஸ்திரி. சொற்களை வடசொல், வடசொற்றிரிபு, நாட்டுச்சொல், கொச்சைச்சொல் என்று பாகுபடுத்தும் முறையை விளக்க எல்லிஸ் எடுத்தாண்டது, மசூலிப்பட்டினத்துக் கோமுட்டி வணிகர் மாமடி வெங்கய்யா தொகுத்த அகராதியின் முன்னுரை. தமிழ்ச்சுவடிகளைத் தேடித் தொகுத்து உதவியவர் முத்துசாமிப் பிள்ளை. இன்னொரு பெயரும் உண்டு. ஆங்கிலத் துரை ஒருவர் வீட்டில் சமையற் பணி செய்த கந்தப்பன் என்பார் திருக்குறள் ஏட்டுச்சுவடியை எல்லிசிடம் சேர்ப்பித்தார் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கந்தப்பன் அயோத்திதாசரின் பாட்டனார்; தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட குலத்தவர்.

எண்ணிப் பாருங்கள்! வடமொழி கற்ற சாஸ்திரி, தராசு பிடித்த வணிகர், தமிழறிந்த பிள்ளை, அடுப்படியில் நின்ற கந்தப்பன், அதிகாரம் செலுத்திய ஆங்கிலேயர். இத்தனை பேருடைய கைகளும் ஓர் உண்மையின்மேல் பட்டிருக்கின்றன. பட்டாபிராம சாஸ்திரி பார்ப்பனர். தென்மொழிகள் வடமொழிக்கு அடிமையல்ல என்னும் முடிவுக்கு அவர் தொகுத்த வேர்ச்சொற்களே சான்றாயின. இதனை நாம் மறைக்கமாட்டோம். பிறப்பை வைத்து அறிவை அளக்கக்கூடாது என்பது நம் கொள்கை. அக்கொள்கை நமக்கு வசதியான இடத்தில் மட்டும் செல்லுபடியாகும் நாணயமன்று.

எல்லிசின் முடிவு துயரமானது. நாற்பது வயதுவரை எதனையும் பெரிதாக வெளியிடுவதில்லை என்று உறுதி பூண்டிருந்தார். நாற்பதைக் கடந்த சிறிது காலத்திலேயே, 1819 மார்ச்சில், இராமநாதபுரத்தில் இறந்தார். அவர் விட்டுச்சென்ற தாள்கள் மதுரையில் கேட்பாரற்றுக் கிடந்தன என்றும், சமையற்காரர் அடுப்பு மூட்டவும் கோழி வாட்டவும் அவற்றைப் பயன்படுத்தினார் என்றும் பின்னாளில் வால்ட்டர் எலியட் எழுதினார். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட நாட்டில், ஆங்கிலேயர் தாளுக்கும் அதே கதி! அச்சேறிய அந்தக் குறிப்பு மட்டும் பிழைத்தது. நாற்பது ஆண்டுகட்குப்பின், 1856-ல், கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது அவ்வுண்மை உலகறிந்த உண்மையாயிற்று. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்லை நாம் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். எல்லிசையும், அவருக்கு ஏடும் சொல்லும் எடுத்துக் கொடுத்த கைகளையும் சேர்த்தே போற்றவேண்டும்.

அம்பேத்கரின் வெள்ளி

எல்லிஸ் சொற்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்த அந்நாட்களில்தான், 1818-ல், சென்னையில் வராகன் பணத்தின் இடத்தை வெள்ளி ரூபாய் பிடித்தது. எடை 180 கிரெயின். 1835-ல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாய் என்று சட்டம் வந்தபோது அந்த எடையே நிலைத்தது. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி; ஒரு பங்கு கலப்பு. வெள்ளியை எவர் கொண்டுவந்தாலும் நாணயச்சாலை ரூபாயாக அடித்துத் தரும். ஆகவே வெள்ளியின் விலையே ரூபாயின் விலை.

1870-களில் செர்மனி முதலிய நாடுகள் வெள்ளியைத் தள்ளிவிட்டுத் தங்கத்தைத் தழுவின. வெள்ளி வீழ்ந்தது, உடன் ரூபாயும் வீழ்ந்தது. ஏறத்தாழ இரண்டு ஷில்லிங் பெறுமானமாய் இருந்த ரூபாய், 1892-ஐ ஒட்டி ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ் அளவுக்கு இறங்கிற்று. ஆண்டுதோறும் சீமைக்குத் தங்கக் கணக்கில் அனுப்பவேண்டிய தொகையோ குறையவில்லை. அதே பவுனை அனுப்ப மேலும் மேலும் ரூபாய் வேண்டும். அந்த ரூபாய் யாருடையது? வரி செலுத்திய குடியானவனுடையது. 1893-ல் அரசு, பொதுமக்கள் வெள்ளி கொண்டுவந்து ரூபாயாக அடித்துக்கொள்ளும் உரிமையை நிறுத்தியது. பிறகு ரூபாயின் மதிப்பை ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று நிறுத்தி, செலாவணியை அரசே இயக்கத் தொடங்கிற்று. உள்நாட்டில் வெள்ளி ரூபாயும், வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கலுக்குத் தங்கமும் என்ற இந்த ஏற்பாட்டைப் பொருளியல் அறிஞர் கெயின்ஸ் 1913-ல் வெளியிட்ட நூலில் பாராட்டினார். கெயின்ஸ் சொல்லிவிட்டார், இனி யார் மறுப்பர்?

மறுக்க ஒருவர் வந்தார். பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு ஒட்டி உட்காரும் உரிமையில்லாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணிமீது தனியே உட்கார்ந்தவர் அவர். தண்ணீர்க் குழாயைத் தொடும் உரிமை அவருக்கு இல்லை. பள்ளி ஏவலர் வந்து திறந்தால்தான் தாகம் தீரும். உயர்நிலைப்பள்ளியில் வடமொழி பயில விரும்பினார். அது அவர் குலத்தாருக்கு இல்லை என்று மறுக்கப்பட்டமையால் பாரசீகம் பயின்றார். டாக்டர் பீமராவ் அம்பேத்கர்!

பரோடா மன்னரின் உதவியால் 1913-ல் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1916-ல் இலண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகை முடிந்ததால் 1917-ல் படிப்பை நடுவில் விட்டுத் திரும்பினார். பேராசிரியராய் இருந்து பணம் சேர்த்து, கோலாப்பூர் மன்னரின் துணையும் நண்பரின் கடனும் பெற்று, 1920-ல் மீண்டும் கப்பலேறினார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் ரூபாயின் சிக்கல். அந்த ஆய்வு 1923-ல் நூலாக இலண்டனில் வெளிவந்தது. அவருக்கு டாக்டர் பட்டமும் கிடைத்தது.

அந்நூல் எழுப்பிய வினா நேரானது. ரூபாயின் மதிப்பை வெள்ளி கட்டுப்படுத்திய காலத்தில் அரசின் கைக்கு ஓர் எல்லை இருந்தது. நாணயச்சாலை மக்களுக்கு மூடி, அரசுக்குத் திறந்திருக்கும்போது, அரசின் கையைக் கட்டுவது எது? வேண்டும்போதெல்லாம் நாணயத்தைப் பெருக்கினால் விலைவாசி ஏறும். விலை ஏறும் வேகத்தில் கூலி ஏறாது. செலாவணி தாழ்வதால் ஏற்றுமதியாளருக்கு ஊதியம் என்கிறார்களே, அந்த ஊதியம் வெளிநாட்டிலிருந்து வருவதன்று. பின்தங்கிய கூலியாளின் மடியிலிருந்தே வருகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். பவுனுக்கு எத்தனை ரூபாய் என்பதைக் காட்டிலும், ஒரு ரூபாய்க்கு இந்நாட்டில் எவ்வளவு பண்டம் வாங்கலாம் என்பதே முதன்மையானது. அதனை நிலைப்படுத்த, நாணயம் வெளியிடும் அளவுக்கு உறுதியான வரம்பு வேண்டும் என்பது அவர் முடிவு.

அவருடைய பேராசிரியர் எட்வின் கானன் அந்நூலுக்கு அணிந்துரை வழங்கினார். அதில் அம்பேத்கரின் வாதங்கள் பலவற்றைத் தாம் ஏற்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். ஆயினும் அவருடைய கருத்தில் உள்ள புதுமை சிந்தனையைத் தூண்டுகிறதென்றும் எழுதினார். குருவின் வாக்கே வேதவாக்கு, எதிர்வாய் பேசினால் பாவம் என்று கற்பிக்கப்பட்ட நாட்டினராகிய நாம் இவ்வொரு காட்சியைப் பலமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. மாணவன் மறுக்கிறான், ஆசிரியர் மாறுபடுகிறார், மாறுபட்டுக்கொண்டே வாழ்த்துகிறார்! ஆராய்ச்சி வளரும் மண் அதுவே.

1925-ல், இந்தியச் செலாவணியை ஆராய வந்த ஹில்டன் யங் குழுவின் முன் அம்பேத்கர் சான்றுரைத்தார். அக்குழு மறு ஆண்டில் மைய வங்கி ஒன்று வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1934-ல் சட்டமாகி, 1935 ஏப்ரல் 1-ல் ரிசர்வ் வங்கி தொடங்கிற்று. அம்பேத்கர் நூலிலிருந்தே ரிசர்வ் வங்கி பிறந்ததென்று மேடைகளில் சிலர் முழங்குவதுண்டு. அந்த மிகை அவருக்குத் தேவையில்லை. குழுவின்முன் சாட்சி சொன்ன பலருள் அவரும் ஒருவர். தண்ணீர்க் குழாயைத் தொடக்கூடாதென்று தடுக்கப்பட்ட கை, ஒரு பேரரசின் கருவூலக் கணக்கைப் பிரித்துப் பார்த்துப் பிழை காட்டிற்று என்பதே போதும். பெருமைக்கு உண்மை போதாதபோதுதான் புராணம் வேண்டும்.

மூன்றும் சொல்வது

மணலை ஆய்ந்தவர் கண்ணால் கண்டு, சிறுவனைக் கொண்டு சோதித்தார். சொல்லை ஆய்ந்தவர் எதிரெதிரே பட்டியலிட்டு ஒப்பிட்டார். வெள்ளியை ஆய்ந்தவர் ஆண்டுவாரியாக விலையும் கூலியும் செலாவணியும் திரட்டிக் காரணம் தேடினார். வழிகள் மூன்று. ஒன்றன் வழியை மற்றொன்றின்மேல் திணிக்க முடியாது. கவிதையைத் தராசில் நிறுக்க முடியாது. ரூபாயை யாப்பில் அடக்க முடியாது. துறைகள் பலவாய் இருப்பது நன்று, பலவாய்த்தான் இருக்கவேண்டும். "இது பயனுள்ள ஆராய்ச்சி, அது பயனற்ற ஆராய்ச்சி" என்று அவசரத்தில் பிரிப்போர், 1816-ல் இருந்திருந்தால் எல்லிசின் வேர்ச்சொற் பட்டியலைப் பயனற்றது என்றே தள்ளியிருப்பர். அந்தப் பட்டியலின்மேல் எழுந்த மொழியுணர்வு ஒரு நாட்டின் அரசியலையே பின்னர் மாற்றியமைத்தது.

ஆனால் மூன்று வரலாறுகளிலும் ஒரே வாயிற்படி குறுக்கே நிற்கிறது. பெல்லின் நூலில் ஃபிரிஸ்கன் பெயர் இருக்கிறது. அவருக்கு வழிகாட்டிய மணற்பள்ளிப் பிள்ளைகளின் பெயரும், அவர்களுடைய ஆசானின் பெயரும் இல்லை. எல்லிசுக்குச் சுவடி தந்த கந்தப்பனின் பெயர், அவர் பேரன் எழுத்தறிந்தவராய் இருந்ததால் மட்டுமே நமக்குக் கிடைத்தது. அம்பேத்கர் வாயிற்படியைத் தாண்டினார். தாண்டியதற்கு அறிவு மட்டும் போதவில்லை, இரு மன்னர்களின் உதவியும் ஒரு நண்பரின் கடனும் வேண்டியிருந்தது. அவரோடு கோணியில் உட்கார்ந்திருக்கவேண்டிய எத்தனை பிள்ளைகள், எத்தனை வினாக்களோடு, பள்ளியின் பக்கமே வராமல் மாண்டனர்? அந்த வினாக்களெல்லாம் கேட்கப்பட்டிருந்தால் இந்நாட்டின் அறிவுச்செல்வம் எவ்வளவு பெருகியிருக்கும்? வருணாசிரமம் மனிதரை இழிவுபடுத்தியது என்கிறோம். அது உண்மையையும் வறுமைப்படுத்தியது.

கருவி மாறினால் வாயிற்படி தானே தேய்ந்துவிடும் என்று சிலர் நம்புகின்றனர். 1920-ல் சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தர முன்வந்தது. அன்றைய நிலையில் ஏழைப் பிள்ளையைப் பள்ளிக்குள் கொண்டுவந்த கருவி பலகையன்று, புத்தகமன்று, சோறு! நூறு ஆண்டு கழித்து, 2020-ல், கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடம் கைப்பேசி வழியே வந்தது. கைப்பேசி இல்லாத குடிசைக்குப் பாடம் வரவில்லை. 2019-ல் தமிழ்நாட்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி ஓரளவு கைகொடுத்தது. 2021-ல் "இல்லம் தேடிக் கல்வி" என்று தன்னார்வலர்கள் தெருவிலும் திண்ணையிலும் பிள்ளைகளை அமர்த்திப் பாடம் சொன்னபோது, பெல் கண்டு வியந்த அதே காட்சி ஒருவகையில் திரும்பி வந்தது. அண்டை வீட்டு அக்காள் ஆசிரியையானாள். இம்முறை, திண்ணையில் பெண் குழந்தையும் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு மாற்றத்துக்கு இருநூறு ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

ஆகவே, இன்று பல்கலைக்கழகம் புகும் நம் இளைஞர்களிடம், அவர்களுள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள், நாம் வேண்டிக்கொள்வது இதுவே. எந்தத் துறையையும் நமக்கு எட்டாதது என்று ஒதுக்காதீர். கல்வெட்டும் உம்முடையது, கருவூலக் கணக்கும் உம்முடையது, கற்பிக்கும் கருவியும் உம்முடையது. பிறர் சொன்னதை மட்டுமன்று, நாம் சொல்வதையும் "அப்படித்தானா?" என்று கேளுங்கள். கண்டதை எழுதுங்கள், எழுதியதை அச்சேற்றுங்கள், தமிழிலும் எழுதுங்கள், உம் தாயும் படித்தறியும்படி. உதவிய கைகளின் பெயரை, அவை எவ்வளவு எளிய கைகளாயினும், மறவாது குறியுங்கள்.

எழும்பூருக்கு அருகே எங்கோ ஒரு பள்ளியில், விரலால் மணலில் எழுதிய அந்தப் பிள்ளைகளின் எழுத்து அன்று மாலையே அழிந்திருக்கும். அதைக் கண்டு எழுதியவர் வெஸ்ட்மின்ஸ்டரில் துயில்கிறார். இனி, மணலில் எழுதும் பிள்ளையே ஆராய்ச்சி நூலையும் எழுதட்டும்!